மூன்றாவது பிரியாவிடை

இடமாற்றக் கடிதம் வந்த அன்றே
லோகேஸ்வரி சேவலை அடித்துவிட்டாள்.
மன்னாரில் மீன்தான் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம்,
அந்தக் கோபத்தில் மிளகை அள்ளி இடித்துப் போட்டிருந்தாள்.
அவள் காம்பராவில் நாங்கள் ஏழு பேர்.
தட்டு ஐந்து.
மெர்வின் சட்டி மூடியில் சாப்பிட்டான்.
நான் அழுதேன்.
மிளகு என்றேன்.
ஒருவரும் நம்பவில்லை.

திங்கட்கிழமை தலைமைக் கந்தோரிலிருந்து அழைப்பு:
எனக்குப் பதிலாக வரவேண்டியவருக்கு மஞ்சள் காமாலை,
இரண்டு கிழமை பொறுங்கள்.

மறுபடி ஹப்புத்தளைத் தபால் கந்தோர்,
மறுபடி அதே கண்ணாடித் தடுப்பு,
முத்திரை நனைக்கும் அதே பஞ்சு.
"இன்னும் போகலியா?"
ஓய்வூதியக்காரர்கள் வரிசையாக நின்று கேட்டார்கள்.
ஞாயிறு சந்தையில் லோகேஸ்வரியின் குடையைக் கண்டு
கோவாக் குவியலுக்குப் பின்னால் குனிந்தேன்.
ஒரு முழுச் சேவல் தின்றுவிட்டு
ஊரிலேயே இருப்பது
களவெடுத்த மாதிரி இருந்தது.

இரண்டாவது விருந்து ஃபர்ஸானா வீட்டில்,
துணிக்கடைக்கு மேலே, மரப்படி ஏறி.
வட்டிலப்பம் அவிந்துகொண்டிருக்கையில் கரண்ட் போனது.
குசுமா பொலஸ் கறியைச் சுமந்துகொண்டு
இருட்டில் படியைத் தடவித் தடவி வந்தாள்,
பாதிக் குழம்பு அவள் சாரியில்.
போன் வெளிச்சத்தில் எது கறி, எது சம்பல் தெரியாமல்
எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தோம்.
மெர்வின் எழுந்து பேச்சு வேறு பேசினான்.
மூன்றாம் வசனத்தில் மூக்குறிஞ்சியதும்
பேச்சு நின்றது.
மேசை விசிறி ஒன்று பரிசாகத் தந்தார்கள்.
குளிரில் நடுங்கியபடி
அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்றிரவு மழை விடவில்லை.
இதல்கஸ்ஹின்னவுக்கு அப்பால் மண் சரிந்து
தண்டவாளம் மூடிற்று.
பெரகலையில் வீதியும்.

இந்த முறை ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.
பாவம், அவர்களிடம்
சொல்ல வார்த்தையும் மீதியில்லை, தேங்காயும் மீதியில்லை.
ஒன்பது நாள் கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் படுத்து
பாணும் பருப்பும் தின்றேன்.
சட்டி பானை எல்லாம்
முதல் விருந்தோடேயே பங்கு வைத்துக் கொடுத்திருந்தேன்.
பருப்பு அவித்தது
பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கேத்தலில்.

பாதை திறந்த இரவு
வண்டி நாலு மணித்தியாலம் தாமதம்.
ஸ்டேஷனுக்கு மெர்வினும் லோகேஸ்வரியும் மட்டும் வந்தார்கள்,
அவன் கையில் காகிதத்தில் சுற்றிய ரோஸ் பாண்,
அவள் கையில் ஒன்றுமில்லை.
பனிப்புகை மேடைக்குள் வந்து
எங்களோடு வாங்கில் உட்கார்ந்தது.
ஸ்டேஷன் மாஸ்டர் மூன்று கோப்பையில் சாயத் தண்ணி ஊற்றித் தந்தார்.
சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டோம்.
ஒரு நக்கு, ஒரு மிடறு.
பாணைப் பிய்க்கும் சத்தம்.
வெகுநேரம் யாரும் பேசவில்லை.
பேசாமலிருக்க
இத்தனை நாள் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை போலும்.

வெளிச்சம் வளைவில் தெரிந்தபோது
லோகேஸ்வரி என் கன்னத்தில் பிசுபிசுத்த கையை வைத்தாள்.
"போய்த் தொலைடி.
எங்கிட்ட இனி சேவல் இல்ல."

வண்டி அசைந்தது.
மெர்வின் கூடவே ஓடிவந்து என்னமோ கத்தினான்,
கையை வாய்க்கருகே கொண்டுபோய்க் கொண்டுபோய்.
காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.
சாப்பிடச் சொல்கிறான் என்று நினைத்துத்
தலையாட்டினேன்.

பொல்கஹவெலயில் வண்டி மாறும்போது
சுவெட்டரைக் கழற்றி மடித்தேன்.
அதன் பைக்குள் கோப்பை,
காது உடைந்தது, அடியில்
கரையாத சீனி.

எடைக்கு எவ்வளவு, தூரத்துக்கு எவ்வளவு,
பார்சல் கட்டணம் முழுக்க எனக்கு மனப்பாடம்.
அனுப்பமாட்டேன்.