அறுபத்தையாயிரத்து அறுநூற்றுப் பத்து

இரண்டாம் தவணையின் முதல் திங்கள்.
கொட்டாஞ்சேனைச் சந்தியில் பஸ் என்னை உதறிவிட்டுப் போகும்போதே
ப்ளவுசின் முதுகு நனைந்தாயிற்று.
மூன்றாம் மாடி, பத்து-பீ.
மின்விசிறி இரண்டில் ஒன்றுக்கு
இன்னும் விடுமுறை முடியவில்லை.

இடாப்பைத் திறக்கிறேன்.
போன தவணை முப்பத்தெட்டு. இன்று முப்பத்தாறு.
கிருத்திகன் கனடாவாம்.
பாஹிமா தெமட்டகொடைக்கு வீடு மாறி
பள்ளிக்கூடமும் மாறி.
சிவப்புப் பேனையால் இரண்டு கோடு.
இடப்பெயர்வு என்கிற அலகை
நான் இன்னும் தொடங்கவேயில்லை.

வரலாறு, புவியியல், குடியியல் என்று
நேரசூசி மூன்றாய் நறுக்கி வைத்திருப்பதை
சமூகக் கல்வி என்றே சொல்லித் தொலைக்கிறேன்.
பிள்ளைகள் திருத்துகிறார்கள்.
நன்றி சொல்கிறேன்.
அடுத்த நிமிடம் மறுபடி சமூகக் கல்வி.

புத்தகங்கள் கைமாறி வந்தவை.
ஜெனோஷனின் பிரதியில்
ஒரு மன்னருக்குக் கறுப்புக் கண்ணாடி,
போர்த்துக்கேயத் தளபதியின் வாயில்
ஊதிப் பெருத்த பபிள்கம்.
"நான் இல்ல மிஸ், போன வருசத்து ஆள்."
வரலாற்றில் எல்லோரும் சொல்வது இதைத்தான்,
என்று வாய்வரை வந்தது.
உறை போடு என்றேன்.

பிறகு தேசப்படம்.
மேசைமேல் கதிரை, கதிரைமேல் நான்,
கீழே நாலு பேர் பிடித்துக்கொள்ள
பழைய ஆணியில் நாட்டைத் தொங்கவிட்டேன்.
மடித்து மடித்து வைத்ததில்
அநுராதபுரத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு
எந்த ஆறும் இல்லாத இடத்தில் ஓடுகிறது.

இலங்கையின் பரப்பளவு?
தவணை தொடங்க ஒரு சுலபமான கேள்வி.
அறுபத்தையாயிரத்து அறுநூற்றுப் பத்துச் சதுர கிலோமீற்றர்!
வாய்ப்பாடு போல, கூரைக்குக் கேட்க.
துறைமுகத்தில் ஏதோ கப்பலும் ஊதியது.

கடைசி வாங்கில் மரியஸ்டெலா எழுந்தாள்.
"மிஸ், அது கடலை நிரப்ப முந்தின கணக்குத்தானே?
காலிமுகத்துக்குப் பக்கத்தில மண் போட்டாங்களே.
எங்கட அப்பா கிரேன்ல இருந்து பாத்தா
முழுசாத் தெரியும் எண்டு சொல்றவர்.
அது எங்க?"

படத்தைப் பார்த்தேன்.
இவர்கள் பிறக்க முன்னே அச்சடித்த நீலம்
எந்தச் சலனமுமில்லாமல் கிடந்தது.

"நான் கீறட்டா?"

பொருட்பதிவேட்டில் இலக்கமிட்ட படம்.
வருடக் கடைசியில் எண்ணிப் பார்க்க
மேலிடத்திலிருந்து ஆள் வரும்.
ம், என்றேன்.

கதிரையில் ஏறி, நாக்கைக் கடித்து,
நீல பேனையால் கொழும்பின் ஓரத்தில்
அவள் வைத்தது ஒரு புள்ளி.
ஈர் அளவு.
கடல் நிறத்திலேயே நிலம்.
கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும்.
முப்பத்தைந்து பேரும் கிட்டப்போய்ப் பார்த்தார்கள்.

"அப்ப சோதினைக்கு எதை எழுத?"
ஜெனோஷன். வேறு யார்.

இரண்டரைச் சதுர கிலோமீற்றருக்குச் சற்றே கூட,
பத்திரிகையில் வாசித்தது நினைவிருந்தது.
கூட்டினால் என்ன வருமென்றும் தெரியும்.
"புத்தகத்தில இருக்கிறதை எழுதுங்க."

முப்பத்தைந்து தலைகள் கொப்பிக்குள் குனிந்தன.
மரியஸ்டெலா மட்டும் உடனே குனியவில்லை.
கோபமொன்றும் இல்லை அவள் முகத்தில்,
பஸ் நிற்காமல் போனதைப் பார்ப்பவள்போல
கொஞ்ச நேரம்.
பிறகு அவளும் எழுதினாள்.

இடைவேளை மணி.
படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.
ஆசிரியர் அறையில் சோற்றுப் பாசலை அவிழ்க்கையில்
கட்டைவிரலில் நீலம்.
எண்ணெய்த் துணியில் மை காயாது போலிருக்கிறது.
குழாயடியில் தேய்த்தேன்,
ரேகைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த பாடவேளை பத்து-சீ.
அதே படம், வேறு ஆணி.
பரப்பளவு கேட்பதா,
மழைவீழ்ச்சியிலிருந்து தொடங்குவதா?
படியேறுகிறேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று
சுருளைச் சற்று விரித்துப் பார்க்கிறேன்,
புள்ளி இன்னும் இருக்கிறதா என்று.