தோன்றா எழுவாய்

சோஹார் துறைமுகம். ஆகஸ்ட். இரவு இரண்டே கால்.
வெளியே முப்பத்தாறு டிகிரி,
காற்று உப்புக் கஞ்சி மாதிரி முகத்தில் ஒட்டுகிறது.
உள்ளே மூன்றாம் அறையில்
பதினோரு டன் வஞ்சிரம்
வியர்க்கத் தொடங்கியிருக்கிறது.

"எழில், மைனஸ் ஒன்பது ஆச்சு.
இன்னும் ஏறுது" என்கிறான் ஷிஜு, போனில்.

மதியம் நான் மாற்றியது ஒரே ஒரு வரி.
குளிர் என்ற மாட்யூல், அதன் பின் ஒரு புள்ளி,
வை என்ற ஃபங்ஷன்,
அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள்:
மூன்று, மைனஸ் பதினெட்டு.
மூன்றாம் அறையை மைனஸ் பதினெட்டில் வை.
குழந்தைக்குக்கூடப் புரியும்.

லுவா சத்தம் போடாத மொழி.
திரையில் ஒரே சொல்: நில்.
அதன் அகராதியில் அதற்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள்.
கம்ப்ரஸர் மட்டும்
தமிழில் படித்துவிட்டது போல
நின்றுவிட்டிருக்கிறது.

ஃபங்ஷனின் வாசலிலேயே ஒரு வரி எழுதி
உள்ளே வருகிறவர்களை ஒவ்வொருவராக அச்சிட்டேன்.
'தான்' உட்கார வேண்டிய முதல் நாற்காலியில் மூன்று.
அறை எண்ணின் இடத்தில் மைனஸ் பதினெட்டு.
(மைனஸ் பதினெட்டாம் அறை!
தரைக்கடியில் எத்தனை மாடி இறங்க வேண்டும்?)
வெப்பநிலையின் நாற்காலி காலி.
நில்.

வந்தேன் என்றால் போதும் நமக்கு,
யார் என்று எவரும் கேட்பதில்லை;
விகுதிக்குள் நான் உட்கார்ந்திருப்பேன்.
இந்த மொழிக்கு அந்த விகுதி
ஒரு முக்காற்புள்ளி.
மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு,
நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் 'தான்'.
நான் ஒற்றைப் பொட்டோடு நிறுத்தியிருந்தேன்.

திருத்தினேன். கம்ப்ரஸர் இருமியது, ஓடியது.
அங்கேயே விட்டிருக்கலாம்.
பயம் யாரை விட்டது?
கோப்பில் இருந்த எல்லாப் புள்ளிகளுக்கும்
தலையில் இன்னொன்று வைத்தேன்.

மூன்று மணிக்கு சராசரி செத்தது.
எண் கேட்டேன், டேபிள் வந்திருக்கிறது என்றது.
சராசரி யாருடைய ஆளும் இல்லை;
எண்ணைக் கொடு, எண்ணை வாங்கிக்கொண்டு போ.
அதனிடம் போய் உரிமையாளரை முன்னால் நிறுத்தினால்?
ஒரு சாயா குடிக்க
கஃபீலைக் கூட்டிக்கொண்டு போன கதை.

பிறகு அவசரப்படவில்லை.
ஒவ்வொரு ஃபங்ஷனாகத் திறந்து
உனக்குத் 'தான்' வேண்டுமா என்று கேட்டு,
வேண்டியதற்கு இரண்டு பொட்டு,
வேண்டாததற்கு ஒன்று.
மைனஸ் பதினொன்று.
மைனஸ் பதினான்கு.
ஷிஜு கட்டைவிரல் படம் அனுப்பினான்,
பின்னாலேயே ஒரு மீன் படம்.

ஆறு மணி பஸ். கதவருகே டைம்கீப்பர், கையில் பட்டியல்.
பாஸ்போர்ட் எடுத்த அன்று
எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் என்று தெரியாமல்
ஏஜென்ட் நிரப்பிய படிவம் அது.
என் பெயர் இரண்டாவதாக நகர்ந்து
பிறகு இடம் போதாமல் விழுந்துவிட்டது.
கடல் தாண்டாமலே இறந்துபோன அப்பா
எட்டு வருடமாக இங்கே
ஓவர்டைம் பார்க்கிறார்.

"வடமலை!"

தூக்கக் கலக்கத்தில் கையைத் தூக்கி
"இருக்கார்" என்றேன்.