எங்கே வெட்டுவது

ரியெகாவில், மூடிப்போன காகித ஆலையின் இரண்டாம் தளம்.
படப்பிடிப்புக்கு இன்னும் பதினோரு நாள்.
நூற்றெழுபது ஆண்டுக்கு அப்பாலிருந்து வந்து
தலையில்லாமல் கொக்கியில் தொங்குகிறான் என் சிப்பாய்.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.
வியர்வை முதுகுச் செதில்களின் வழியே ஆவியாகும்.
குண்டு பட்ட நொடியில் உள்ளிருக்கும் கூழ் கல்லாகும்.
குந்தி உட்காரலாம்; மூத்திரம் போக நாலு விநாடி.
தோள்மூட்டை மட்டும் மீன்சந்தையில் நின்று வரைந்தேன்,
இறால் ஓட்டைப் பார்த்து, கடைக்காரி முறைக்க முறைக்க.

ஆலோசனை சொல்ல வெஸ்னா வந்தாள், போர்முனைத் தாதி.
ஒருமுறை சுற்றி வந்தாள். நகத்தால் தட்டினாள்.
கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்:
"எங்கே வெட்டுவது?"

எங்கேயும் வெட்ட முடியாது என்றேன், பெருமையாக.

"சரி. நீயே போட்டுக்கொண்டு படு.
உள்ளே ரத்தம் கொட்டுகிறது.
எங்கிருந்து என்று எனக்குத் தெரியாது."

சிமெண்டுத் தரையில் கிடந்தேன்.
கழுத்தில், அக்குளில், இடுப்பில் தேடின
இறால் உரிப்பதுபோல் ஆட்களை உரித்த கைகள்.
சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.
நூற்றைம்பதில் நிறுத்திவிட்டுக்
காப்பி குடிக்கப் போனாள்.

இப்போது இடது அக்குளுக்குக் கீழே ஒரு சிவப்பு நாடா.
இழுத்தால் கவசம் இரண்டாய்ப் பிளக்கும்.
கேமராவுக்கே தெரியாதே, எதற்கு இது
என்றார் இயக்குநர்.

நாற்பது பேருக்கும் தைத்தாயிற்று என்றேன்.