எண் 417

யோயென்சூவில் பிப்ரவரி.
ஏழரைக்கும் இருட்டு,
சன்னலில் என் முகமும் குழாய்த் தாங்கியும்தான்.

ஒருவர் ரத்தத்தை நான்காகப் பங்கிட்டேன்.
பெயர் எனக்குக் கிடையாது.
ஆண், ஐம்பத்திரண்டு, மரலாரி ஓட்டுபவர்.
பன்னிரண்டு மணி நேரமாக எதுவும் சாப்பிடவில்லை
என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்.

கணக்குதான் மலிவு.
மொத்தத்தில் நல்லதைக் கழி,
ட்ரைகிளிசரைடில் ஒரு பங்கைக் கழி,
மிச்சம் கெட்டது.
417க்கு அது கையை விரித்துவிட்டது.
கணக்கை யார் மதித்தோம்?
அடுத்ததற்குப் போனோம்.

சுழலி பதினெட்டு மணி நேரம் உறுமியது.
கனத்தது இறங்க, லேசானது ஏற,
அடுக்கு அடுக்காய் உறிஞ்சி எடுத்தார் தௌனோ,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஜெல்லில் இரவெல்லாம் ஓட்டம்.
சிறியவை முந்தின, பெரியவை பின்தங்கின,
விடிந்ததும் கருநீலக் கறை.
கறைக்கு நான் அளவுகோல் வைத்தேன்.

காந்தம் எதையும் பிரிக்கவில்லை.
குழாயை வயிற்றுக்குள் நிறுத்தி ஓர் அதட்டு;
எழுந்த முனகலில் தலைகளை எண்ணிவிட்டது.
காபி ஆறுவதற்குள்.

ஆயிரத்து அறுநூறு என்றது காந்தம்.
சுழலிக்கு ஆயிரத்து நூறுகூடத் தேறவில்லை.
ஒரு தாளில் இவருக்கு மாத்திரை,
இன்னொன்றில் ‘போய் வாருங்கள்’.

“முப்பது லாரியில் ஏற்றினாலும்
அறுபதில் ஏற்றினாலும்
மரம் அதே மரம்தானே” என்றார் தௌனோ.
“சாலையைக் கேளுங்கள்” என்றாள் இல்தா.

அதற்குமேல் யாரும் பேசவில்லை.

மிச்ச ரத்தநீரைக் கொட்டிவிடலாமென்று
குளிர்பெட்டியைத் திறந்தேன்.
குழாயின் கழுத்தில் வெள்ளையாய்,
நகக்கண் தடிமனுக்கு,
பாலேடு.

திரும்பிப் போய்ப் பார்த்தால்
எல்லாவற்றிலும் இருந்திருக்கிறது.
சுழலியின் உச்சியில் மிதந்த வெண்படலம்,
ஜெல்லின் வாசலிலேயே நகராமல் நின்ற கறை,
காந்தத்தின் கோட்டில் ஒரு மேடு,
அளவு மீறியது என்று
கணக்கு முதல் நாளே போட்ட கேள்விக்குறி.

எண்ணிக்கையில் சேராத நான்கும்
ஒத்துக்கொண்ட ஒரே சேதி:
மனிதர் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

நான்கு மணிக்கு வண்டியெடுக்க வேண்டும்,
வெளியே மைனஸ் இருபத்தாறு,
மேசைமேல் முட்டைவெண்ணெய் தடவிய கரேலிய அப்பம்.
யார்தான் விடுவார்கள்?

மறுபடி வரச் சொல்லிக் கடிதம் அடித்தாள் இல்தா.
காரணம் என்ற கட்டத்தில்
‘மாதிரி போதவில்லை’ என்று போட்டாள்.
அரைக் குழாய் இன்னும் என் கையில் இருந்தது.
கையெழுத்திட்டேன்.