காற்றுமானி

ஒன்பது என்று காட்டியது மானி.
எழுபத்திரண்டைத் தொட்டால்தான் வேலையை நிறுத்துவார்கள்
சோஹார் துறைமுகத்தில்.
ஒன்பது என்பது
கேம்ப் கொடியில் காயும் பனியனைக்கூட
சரியாக அசைக்காத காற்று.

ஆனாலும் அன்றைக்கு
நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரையின்மேல்,
என் கை பிடியிலேயே உறைந்துவிட்டது.
கப்பலுக்கும் கரைக்கும் நடுவே
பாதி வழியில் தொங்குகிறது பெட்டி.
உள்ளே டைல்ஸோ குழந்தைகளின் செருப்போ,
யாருக்குத் தெரியும்.
ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.
பதினோரு நிமிடம்.

வாக்கிடாக்கியில் ஃபோர்மேன் ஹமூத் கேட்டார்:
"காற்றா?"
"காற்று" என்றேன்.
கீழே அவரிடமும் ஒரு திரை உண்டு.
அதிலும் அதே ஒன்பது.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு, "சரி, காற்றுதான். மெதுவாக இறக்கு,
நான் எண்ணுகிறேன்" என்று
வாஹித், இத்னைன் எனத் தொடங்கினார்.
இருபத்தாறில் பெட்டி தரையைத் தொட்டது.
பதிவேட்டிலும் அப்படியே எழுதினார்:
காற்றினால் பணி நிறுத்தம்.

மஸ்கட்டில் ஒரு டாக்டரம்மா மூன்று மாதம் மாத்திரை தந்தார்.
நான் பேசியதைக் கடிகாரம் பார்க்காமல் கேட்டார்.
மற்றதெல்லாம் நானாகப் பிடித்துக்கொண்டவை.
பெரிதாக ஒன்றுமில்லை, சொன்னால் சிரிப்பீர்கள்.

முகம் கழுவுமுன் போனைத் தொடுவதில்லை.
தொட்டுவிட்ட நாட்களும் உண்டு.
ஜூலையில் குழாய்த் தண்ணீர் கொதிக்கும்,
அதற்குள் எதையாவது படித்துத் தொலைத்திருப்பேன்.

கடன் கணக்கை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் திறக்கிறேன்.
மற்ற நாளில் வந்து கதவைத் தட்டினால்
தாலுகா ஆபீஸ் பியூன் குரலில்
"வெள்ளிக்கிழமை வா" என்று அனுப்பிவிடுகிறேன்.
சில கவலைகள்
வெள்ளிக்கிழமை வருவதே இல்லை.

முப்பது பெட்டிக்கு ஒருமுறை நிமிர்கிறேன்.
குனிந்தே பார்க்கிற வேலை இது,
என் உலகம் என் இரண்டு கால்களுக்கு நடுவே கிடக்கும்.
நிமிர்ந்தால் ஒரு பக்கம் ஹஜர் மலை, ஒரு பக்கம் கடல்.
கண்ணில் பட்டதைச் சத்தமாகச் சொல்கிறேன்:
துருப்பிடித்த மிதவை.
அதன்மேல் இறக்கை விரித்துக் காயும் நீர்க்காகம்.
கேபினில் கேட்க ஆளில்லை.
எனக்குக் கேட்கிறது.

ராத்திரி, அறைக்கூட்டாளி ராம்சூரத்தோடு
வேலியோரம் இரண்டு சுற்று.
அவர் பூனைகளை எண்ணுவார். நான் எதையும் எண்ணுவதில்லை.

பிறகு தவமணி.
"சாப்டீங்களா?" "சாப்டேன்."
ஆறு வருடம் இதுவேதான் எங்கள் உரையாடல்.
இப்போது நாளுக்கு ஒரு உண்மை என்று கணக்கு.
முதல் நாள் சொன்னேன்: "வேலையில கை நடுங்கிருச்சு."
மறுமுனையில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.
"எனக்கு ரெண்டு வருசமா சரியா தூக்கம் இல்ல" என்றாள்.
ஓ, இவளும்
ஏதோ ஒரு உயரத்தில் தனியாக உட்கார்ந்து
எதையோ தொங்கவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இதெல்லாம் செய்தும்
சில விடியல்களில் மூன்று மணிக்கு வீசும்.
ஏன் வீசுகிறாய் என்று கேட்டால் காற்று நிற்கிறதா?
புயலுக்குக் கிரேனைத் தரையோடு முளையடித்துப் பூட்டுவோம்,
கிரேனை யாரும் திட்டுவதில்லை.
அப்படி நானும் போர்வைக்குள் கிடந்து
விடியட்டும் என்கிறேன்.

போன செவ்வாய், நாலாம் நம்பர் கிரேனில்
ஒரு பெட்டி அந்தரத்தில் நின்றது.
ஓட்டுவது ரோமுலோ, பிலிப்பைன்காரர்,
என்னைவிடப் பன்னிரண்டு வருடம் அனுபவம் கூடியவர்.
மானியைப் பார்த்தேன்: பதினான்கு.
பொத்தானை அழுத்தினேன்.

"காற்றா?"

இரைச்சல்.

அவர் பதில் சொல்லும்வரை
என் பெட்டியையும் நான் அசைக்கவில்லை.