பெறப்பட்ட விதம்

மூக்கையூரிலிருந்து மஞ்சள் பையில் வந்தது.
மேலே ஒரு துண்டு, துண்டின் மேல் முருங்கைக்கீரை.
பேருந்தில் யாரும் கேட்கவில்லையாம்.
"லைசென்சுக்காரர் போய்ச் சேர்ந்து முப்பது வருசம்,
இன்னும் அவர் பேருக்கு நோட்டீசு வருது.
நீங்களே வச்சுக்கங்க" என்றார் அமலோற்பவம்,
நாயக் சந்தியாகுவின் மருமகள்.

ஒப்படைப்புப் படிவத்தில் பதினான்கு கட்டங்கள்.
பன்னிரண்டை அன்றே நிரப்பிவிட்டேன்.
தோட்டாக் கணக்கு இடித்தது. அது பிறகு.
ஒன்பதாவது கட்டம்: பெறப்பட்ட விதம்.

உரிமப் புத்தகத்தில்: போரில் கைப்பற்றியது.
அமலோற்பவத்தின் வாயில்: சித்தாங் ஆற்றில்
நெஞ்சளவுத் தண்ணீரில்
ஜப்பான் ஆபீசர் ஒருவனின் மணிக்கட்டை முறித்து.
சந்தியாகப்பர் திருவிழாவுக்குத் திருவிழா
அதைச் சொல்லவைக்கவே
மாமனாருக்கு ஊற்றிக் கொடுப்பார்களாம்.
வருடத்துக்கு வருடம் ஆறு அகலமானது.

இரும்பில் 19.6 என்று குத்தியிருந்தது.
தேதி என்று நினைத்து ஒரு வாரம் வீணாக்கினேன்.
அவர்கள் சக்கரவர்த்தி பட்டமேறிய
பத்தொன்பதாம் ஆண்டு, ஆறாம் மாதம்;
நம் கணக்கில் நாற்பத்து நான்கு ஜூன்.
விசையைச் சுற்றிய வளையம் பெரிது.
மஞ்சூரியப் பனியில்
கையுறை போட்ட விரல் நுழைவதற்காம்.
ராமநாதபுரத்து மே மாதத்தில்
என் வியர்த்த விரல் அதற்குள் தொளதொளத்தது.

துப்பாக்கி எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 815.
மகசீனின் அடியில் 362.
ஒரே பட்டறையில் ஒன்றாக எண்ணிட்டு
அனுப்பியவை ஒத்திருக்க வேண்டும்.
இது வேறு எவனுடையதோ வயிறு.

பதிவறையில், செல்லரித்த ஜில்லாக் கட்டில்,
உரிம விண்ணப்பத்தோடு தைத்துக் கிடந்தது
ஒரு பட்டாளத்துச் சீட்டு:
கைப்பற்றிய ஆயுதம், வைத்துக்கொள்ள அனுமதி.
கேப்டன் கையெழுத்து, கொக்கு கிறுக்கியது போல.
மோல்மேன், அக்டோபர் 1945.

ஆகஸ்டிலேயே சண்டை முடிந்துவிட்டது.

தார்ப்பாய் விரித்திருப்பார்கள்.
வரிசையாக வந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.
வெடித்துவிடக் கூடாதென்று கழற்றிய
மகசீன்கள் ஒரு குவியல், துப்பாக்கிகள் ஒரு குவியல்.
ஊருக்குக் கப்பலேறும் முன்
எடுத்துக்கொள்ளச் சொன்னபோது சந்தியாகு
ஒன்றை எடுத்து, பொருந்திய இன்னொன்றைச் செருகி.
815-இன் சொந்த மகசீன்
யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ.

அதன் பிறகு அது போன இடமெல்லாம் சாயல்குடி.
தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பு,
தேர்தல் முடிந்தால் வீடு.
ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன்.
ஐம்பத்திரண்டில் துப்பாக்கி ஒன்று, தோட்டா எட்டு.
ஐம்பத்தேழில் எட்டு. அறுபத்திரண்டில் எட்டு.
அறுபத்தேழில் ஏழு.

இதற்காகத்தான் மறுபடி வரச்சொன்னேன்.

"புயலடிச்ச ராத்திரி நாலு வள்ளம் திரும்பல.
மாமா கரையில நின்னு வானத்தப் பாத்து ஒண்ணு போட்டாராம்,
கரை இந்தப் பக்கமுன்னு.
காத்துல பக்கத்துல நின்னவனுக்கே கேக்கலையாம்.
மூணு வள்ளம் வந்து சேந்துச்சு."
அந்தச் சத்தத்துக்கா?
"அதான் கேக்கலன்னு சொல்றேனே."
இதையும் திருவிழாவில் சொல்வாரா?
"இதுல என்ன இருக்கு சொல்றதுக்கு."

மோல்மேன் சீட்டு மேசைமேல்தான் இருந்தது.
அவர் பக்கம் திருப்பிவைக்கப் போனேன்,
பிறகு அதன்மேல் பேப்பர்வெயிட்டை வைத்தேன்.

ஒன்பதாவது கட்டத்தில்
உரிமப் புத்தகத்தில் இருந்ததையே எழுதினேன்.
தோட்டாக்கள்: ஏழு.
குறைவுக்கான காரணம் என்று படிவத்தில் ஒரு வரி உண்டு.
'கடல்' என்று எழுதி அடித்துவிட்டு
'பயன்படுத்தப்பட்டது' என்று எழுதினேன்.

உறை எங்கே என்று கேட்டதற்கு,
சுருட்டு நனையாமலிருக்க மாமா கடலுக்கு எடுத்துப்போய்
எங்கோ விட்டுவிட்டார் என்றார்.
கையெழுத்துப் போட்டார்.
மஞ்சள் பையை மட்டும் கேட்டு வாங்கி
நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
ஒன்றரை மணிப் பேருந்துக்கு ஓடினார்.