ஏழாம் நம்பர்

மாடியில் ஆள் இல்லையென்றால்
டில்லிபாபு பார்சலை
என் கல்லாமேல் வைத்துவிட்டுப் போய்விடுவான்.
ஓடிபி கேட்டு நானே போன் போடுவேன்.
புரசைவாக்கம், வெள்ளாளர் தெரு.
செருப்புக் கடையில்
செருப்பைவிட அட்டைப்பெட்டி அதிகம்.
பாதி என்னுடையதில்லை.

போன செவ்வாய் ஜெசிந்தா மேடம்
ஆறு ஜோடி போட்டுப் பார்த்தார்.
குதிகாலில் விரல் விட்டு
ஏழாம் நம்பர்தான் சரி என்றேன்.
லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு
"வீட்ல கேட்டுட்டு வரேன்" என்றார்.

அதே ஏழாம் நம்பர்
இன்று பழுப்பு டேப் சுற்றிக்கொண்டு
என் கல்லாவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.
குலுக்காமலே தெரியும்.

எட்டு மணிக்கு வந்தார்.
இங்கேயே பிரித்து, போட்டு,
நாலடி நடந்தார்.
"கடிக்குதுங்க."

கடிக்கும். அந்தக் கம்பெனி தோல் அப்படி.
சொல்லியிருப்பேன்,
வாங்கியிருந்தால்.

கட்டை போட்டு ராத்திரி முழுக்க வைத்தால் இளகும்,
விட்டுட்டுப் போங்க என்றேன்.
எவ்வளவு என்றார்.
இதற்கு இதுவரை நான்
விலை வைத்ததில்லை.

"முப்பது."

ஸ்கேன் செய்தார்.
முப்பது ரூபாய் பெறப்பட்டது என்று
தெருவுக்கே கேட்கக் கத்தியது பெட்டி.
இன்றைய
முதல் போணி.